ஜித்தாவின் கூடாரங்கள் கற்றுத்தரும் பாடம்

கட்டடக்கலை என்றதும், தனியே அமர்ந்து வரைபடம் வரையும் ஒருவரையே நாம் நினைத்துக் கொள்கிறோம். அது முழு உண்மையல்ல என்பதை விளக்க, நம்மூர் ஹாஜிமார் பலர் கண்டிருக்கக்கூடிய ஒரு கட்டடத்தை எடுத்துக் கொள்கிறேன்.

ஜித்தா மன்னர் அப்துல் அஸீஸ் சர்வதேச விமான நிலையத்தின் ஹஜ் முனையம் 1981இல் திறக்கப்பட்டது. அதன் கூரை 210 துணிக் கூடாரங்களாலானது. ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 45 மீற்றர் கொண்ட சதுரம். உயர்ந்த உருக்குத் தூண்களிலிருந்து வடங்களால் தொங்குகின்றது. டெஃப்லோன் பூசிய கண்ணாடியிழைத் துணி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. சூடான காற்று உச்சித் துவாரத்தினூடாக வெளியேறுகிறது.

இதன் கட்டடக் கலைஞர் அமெரிக்கரான கோர்டன் பன்ஷாஃப்ட். பொறியியலாளர், 1929இல் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஒருவரின்றி மற்றவரால் இதைச் செய்திருக்க முடியாது. ஏன்?

கொங்கிறீற்றை விரும்பிய வடிவில் வார்க்கலாம். இழுத்துக் கட்டிய துணியோ விசைகள் சமநிலையடையும் வடிவத்தில்தான் நிற்கும். ஆகவே அவ்வடிவத்தைக் கணித்தே கண்டறிய வேண்டும். கூரையை ஒரு வலையாகக் கருதி, ஒவ்வொரு முடிச்சிலும் இழுவிசைகள் சமப்படும்வரை கணினி திரும்பத் திரும்பக் கணிக்கும். கலைஞர் உயரத்தை மாற்றினால் பொறியியலாளரின் விசைகள் மாறும். விசைகள் மாறினால் துணி வெட்டும் அளவுகளும் மாறும். தட்டைத் துணியை வெட்டி உடலுக்குப் பொருந்தும் சட்டை தைக்கும் உம்மாமாருக்கு இது இலகுவில் விளங்கும்.

இன்று பெரிய கட்டடங்களுக்கு எல்லாத் துறையினரும் பகிர்ந்துகொள்ளும் முப்பரிமாண மாதிரியைக் கணினியில் உருவாக்குகின்றனர். இதனைக் கட்டடத் தகவல் மாதிரி என்பர். நீர்க்குழாயொன்று தூணை ஊடறுத்தால் அது திரையிலேயே தெரிந்துவிடும். கட்டிய பின் உடைக்க வேண்டியதில்லை.

கான் 1982இல் ஜித்தாவிலேயே காலமானார். அடுத்த ஆண்டு இம்முனையம் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதைப் பெற்றது.

சித்திரம் வரைபவள் கலைப் பிரிவுக்கு, கணக்குத் தெரிந்தவள் கணிதப் பிரிவுக்கு என்று நாம் பிள்ளைகளைப் பிரித்து விடுகிறோம். பிரிவு எதுவாயினும், மற்றவளின் பாடத்தை விளங்கிக்கொள்ளும் ஆர்வம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பெற்றோரே, சித்திரம் வரையும் உங்கள் மகள் கணினியும் கற்க வேண்டும் என்று கேட்டால், அது அவளுக்குப் பொருந்தாத ஆசை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.