ஒலியைக் காக்கும் வடிவம்

நுழையும் முன்

பாட்டியின் தாலாட்டையும் தாத்தாவின் கதையையும் திறன்பேசியில் பதிவு செய்கிறோம். பதிந்த ஒலியை எந்த வடிவத்தில் சேமித்தல் நலம்? இவ்வினாவிற்கு விடை தருகிறது இப்பாடம்.

மும்பையில் தமிழிசை

மும்பைத் தமிழர் வாழ்வில் இசைக்குத் தனியிடம் உண்டு. 1952ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சண்முகானந்த சபை, மாட்டுங்காவை அடுத்த கிங்ஸ் சர்க்கிளில் 1963ஆம் ஆண்டு பேரரங்கம் ஒன்றை எழுப்பியது. தாராவியின் குறுகிய தெருக்களிலோ, திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய முதியோர் நாவில் தாலாட்டும் கும்மிப்பாட்டும் வாழ்கின்றன. அரங்கில் பாடுவோரின் இசையைப் பதிந்து காக்கப் பலர் உள்ளனர். பாட்டியின் பாட்டையோ பேரக்குழந்தைகளே காக்க வேண்டும்.

ஒலி எண்ணாகிறது

ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. ஒலிவாங்கி அதனை மின்னலையாக மாற்றுகிறது. பதிவுக் கருவி அவ்வலையைச் சீரான இடைவெளியில் அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறது. குறுந்தகட்டிற்கு ஒரு நொடியில் 44,100 முறை அளக்கப்படுகிறது. ஏன் இத்தனை முறை? மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கேட்கும். ஓர் அதிர்வை முழுமையாகப் பதிய, அதன் எண்ணிக்கையைப்போல் இருமடங்கிற்கு மேல் அளத்தல் வேண்டும்.

மூவகைக் கோப்புகள்

1. வேவ்: அளந்த எண்கள் அனைத்தையும் அப்படியே வைத்திருக்கும். குறுந்தகட்டின் தரத்தில் ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும்.

2. ஃபிளாக்: எண்களைச் சுருக்கி வைக்கும்; ஆனால் எதனையும் இழக்காது. மடித்த புடவையை விரித்தால் ஓர் இழையும் குறையாதது போன்றது இது. பெரும்பாலும் வேவ் கோப்பின் பாதியளவு இடம் போதும்.

3. எம்.பி.3: செருமனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தார் முதன்மைப் பங்காற்றி உருவாக்கியது. மின்தொடர்வண்டி இரைந்து செல்கையில் அருகிலிருப்பவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்பதில்லை. அதுபோல, உரத்த ஒலியில் மறையும் மெல்லொலிகளை இவ்வடிவம் நீக்கிவிடுகிறது. நொடிக்கு 128 கிலோபிட் அளவில் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 மெகாபைட் போதும்.

இழப்பு எங்கே?

மிருதங்க ஒலியில் இசைவான மேற்சுரங்கள் அமைந்திருப்பதை 1920ஆம் ஆண்டில் சர் சி.வி. இராமன் ஆய்ந்து வெளியிட்டார். மிகுதியாகச் சுருக்கிய கோப்பில் இத்தகைய நுட்பங்களே முதலில் சிதையும். மிருதங்க அடியின் கூர்மை மழுங்கும். தம்புராவின் மிக உயர்ந்த மேற்சுரங்கள் மறையும். நொடிக்கு 256 கிலோபிட் அளவில் சுருக்கினால், வேறுபாட்டைப் பலரால் உணர இயலாது. எனினும், நீக்கிய ஒலி மீளாது. எம்.பி.3 கோப்பினை வேவ் கோப்பாக மாற்றினால் அளவுதான் பெருகும். இழந்த ஒலி திரும்பாது. சுருக்கியதை மீண்டும் மீண்டும் சுருக்கினால் இழப்பும் கூடிக்கொண்டே செல்லும்.

எதனைத் தேர்வது?

காப்பதற்கு ஒரு வடிவம், பகிர்வதற்கு ஒரு வடிவம் என்பதே நல்ல வழி. மூலப்பதிவை வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் இரண்டு இடங்களில் சேமியுங்கள். உறவினருக்கு அனுப்ப, அதிலிருந்து எம்.பி.3 படியொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பின் குரல்செய்தி ஒலியை மிகவும் சுருக்கிவிடும். ஆதலால் மூலப்பதிவை அதில் செய்யாதீர்கள். பதியும்பொழுது மின்விசிறியை நிறுத்துங்கள்; திறன்பேசியைப் பாடுபவர் அருகில் வையுங்கள். பதிவு நன்றாக அமையாவிடில் எந்த வடிவமும் அதனைச் சீராக்காது.

கோப்பைப் பின்னர் எத்தனை முறையும் சிறிதாக்கலாம். பாட்டியின் குரலில் நாம் இழந்ததை ஒருமுறையும் மீட்க இயலாது.

சொல்லும் பொருளும்

சீமை – நாட்டுப்பகுதி
மேற்சுரம் – அடிப்படைச் சுரத்துடன் சேர்ந்தொலிக்கும் உயர்ந்த ஒலி
படி – நகல்

பயிற்சி

1. ஃபிளாக், எம்.பி.3 ஆகியவற்றிடையே உள்ள வேறுபாடு யாது?
2. 6 நிமிடத் தாலாட்டை வேவ் வடிவில் சேமிக்க ஏறத்தாழ எத்தனை மெகாபைட் வேண்டும்?
3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பாட்டையோ கதையையோ பதிந்து, அதில் வரும் வட்டாரச் சொற்கள் ஐந்தினைப் பொருளுடன் எழுதுக.