விலங்கு நோயியலும் மனித நோயாராய்ச்சியும்

மனிதருக்குற்ற நோயொன்றை ஆராயப் புகுந்த அறிஞர், அந்நோயை ஒரு விலங்கிலே தோற்றுவித்து, அஃது எவ்வாறு பற்றுகின்றது, எவ்வாறு முதிர்கின்றது, எதனால் தணிகின்றது என்று நோக்குவது மருத்துவ ஆராய்ச்சியின் ஒரு வழக்கமாகும். அவ்வாறு கொள்ளப்படும் விலங்கினை மாதிரி விலங்கு எனலாம். ஆயின், விலங்கு தன் நோயை வாய்திறந்து சொல்வதில்லை. அதன் உடலிலே நோய் பொறித்து வைத்த குறிகளை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவரே விலங்கு நோயியலறிஞர். அவர் பெயர் உலகோர் காதில் விழுவது அரிது. எனினும், அவர் துணை இல்லாதவிடத்து ஆராய்ச்சி எங்கே முட்டி நிற்கும் என்பதை உண்மை வரலாறொன்றால் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நியூகினித் தீவின் கிழக்கு மலைநாட்டிலே போரே என்னும் மக்கள் வாழ்கின்றனர். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்களிடையே கொடிய நோயொன்று நிலவியது. உடல் நடுங்கும், நடை தள்ளாடும், பின்னர் எழுந்திருக்கவும் இயலாது, ஏறத்தாழ ஓராண்டுக்குள் இறப்பு நேரும். அதற்கு அம்மக்கள் இட்ட பெயர் கூரு. நடுக்கம் என்பது பொருள். பெண்களும் பிள்ளைகளுமே பெரிதும் மாண்டனர். தாயை இழந்த வீடுகள் ஊர்தோறும் இருந்தன. 1957 ஆம் ஆண்டில் காஜ்டுசெக், சீகாசு என்னும் மருத்துவர் இருவர் இந்நோயைப் பற்றி மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தனர்.

நோயின் காரணம் யாது? தொற்று நோயெனின் காய்ச்சலும் மூளையில் அழற்சியும் காணப்படல் வேண்டும். இறந்தோர் மூளையில் அழற்சியின் அடையாளம் இல்லை. ஆதலின், இது பரம்பரையாக வரும் நோயோ என்னும் ஐயம் வலுத்தது. மருத்துவர் வழிகாணாது நின்றனர்.

அக்காலத்தில் வில்லியம் ஹட்லோ என்னும் அமெரிக்க விலங்கு நோயியலறிஞர் இங்கிலாந்தின் கொம்ப்டன் என்னும் ஊரிலிருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்திலே செம்மறியாடுகளின் நோயொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்கிரேப்பி எனப்படும் அந்நோயுற்ற ஆடு, வேலியிலும் கம்பத்திலும் உடலைத் தேய்த்து, தள்ளாடி, ஈற்றில் இறக்கும். ஐரோப்பிய இடையர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிந்த நோய் அது. அஃது ஆட்டிலிருந்து ஆட்டுக்கு ஏற்றக்கூடியது என்பதையும், நோய் வெளிப்பட ஓராண்டுக்கு மேலாகும் என்பதையும் பிரான்சு நாட்டு விலங்கு மருத்துவர் கூய்யே, செல் என்போர் 1936 ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தனர்.

1959 ஆம் ஆண்டில் இலண்டன் நகரிலே கூரு நோய் பற்றிய கண்காட்சியொன்றை ஹட்லோ கண்ணுற்றார். அங்கு வைக்கப்பட்டிருந்த மூளையின் படங்களில், நரம்புக் கலங்களினுள்ளே சிறுசிறு வெற்றிடங்கள் தோன்றின. மனித மூளையை ஆராய்வோர்க்கு அஃது அரிய காட்சி. ஹட்லோவுக்கோ நாள்தோறும் நுணுக்குக்காட்டியிற் கண்டு பழகிய காட்சி. அவ்வாண்டு செப்டெம்பரில் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழுக்கு அவர் ஒரு கடிதம் வரைந்தார். இரு நோய்களும் ஒத்திருத்தலைச் சுட்டி, கூருவை மனிதக் குரங்கு போன்ற விலங்குக்கு ஏற்றி நீண்டகாலம் காத்திருந்து பார்த்தல் தகும் என்பதே அக்கடிதத்தின் சாரம்.

தமிழ் பயில்வோர்க்கு இம்முறை புதியதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் ஏட்டுப் பிரதிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கினர். ஈரேடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், அவையிரண்டும் ஒரு மூலத்தினின்று வந்தன என்று ஊகிப்பது பதிப்பு முறைகளுள் ஒன்று. ஹட்லோ செய்ததும் அதுவே. இரு மூளைகளில் ஒரே வகையான சிதைவைக் கண்டு, காரணமும் ஒருவகையினதாகலாம் எனத் துணிந்தார்.

அவர் சொற்படி 1963 ஆம் ஆண்டில், காஜ்டுசெக்கும் கிப்சும் கூரு நோயால் இறந்தோரின் மூளைச்சாற்றைச் சிம்பன்சிகளுக்கு ஏற்றினர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே நோய் தோன்றியது. சிம்பன்சியின் மூளையை இலண்டனில் எலிசபெத் பெக் என்னும் அறிஞர் பரிசோதித்து, கூருவின் குறிகளே அங்கு உள்ளன என்று உறுதிசெய்தார். 1966 இல் முடிவு வெளியாயிற்று. இறந்த உறவினரின் உடலை உண்ணும் ஈமச் சடங்கினாலேயே நோய் பரவியது என்பதும் தெளிவாயிற்று. அவ்வழக்கம் முன்னரே நின்றுவிட்டமையால், நோயும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து அற்றுப்போயிற்று. காஜ்டுசெக் 1976 இல் நோபெல் பரிசு பெற்றார். பிரியன் என்னும் திரிந்த புரதமே இத்தகைய நோய்களுக்குக் காரணம் என்று நிறுவிய புரூசினர் 1997 இல் அப்பரிசைப் பெற்றார்.

இனி, விலங்கு நோயியலறிஞரின் பணி யாதென்று வகுத்துக் கூறுவோம். முதலாவது, நலமுள்ள விலங்கின் இயல்பை அறிதல். ஏடெழுதுவோர் யாவர்க்கும் பொதுவான கைப்பிழை இனங்காட்டாதவாறு போல, விலங்கின் இயல்பான மாற்றமும் நோயைக் காட்டாது. நோயற்ற மாட்டின் நடுமூளையிலும் ஒரு பகுதியில் இத்தகைய வெற்றிடங்கள் காணப்படுவதுண்டு. முதிர்ந்த ஆய்வுகூட எலிகளில் சிறுநீரகச் சிதைவு தானாகவே தோன்றும். இவற்றை அறியாதவர், குற்றமற்ற மருந்தின்மேற் பழி சுமத்துவர். அல்லது தீய மருந்தை நல்லதென மயங்குவர்.

இரண்டாவது, இறந்த விலங்கின் உறுப்புக்களை முறையாகப் பரிசோதித்தல். இழையங்களைக் காலந்தாழ்த்தாது போமலின் கரைசலில் இட்டு, மெழுகிற் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமூட்டி நோக்குவர். தாமதித்தால் அழுகலே நோய்போலத் தோன்றும். மூன்றாவது, நடுநிலை. எவ்விலங்கு மருந்து பெற்றது, எது பெறாதது என்பதை அறியாமலே சீவல்களை மதிப்பிடுதல் பயனுள்ள முறையாகும். விருப்பம் கண்ணை மறைக்கும் அன்றோ?

நான்காவது, இரக்கம். ஹட்லோவின் கடிதம் வெளிவந்த 1959 ஆம் ஆண்டிலேயே ரசல், பேர்ச் என்னும் இருவர், விலங்குக்கு மாற்றுத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை நூலாக வகுத்தனர். ஒரு விலங்கிலிருந்து பெறத்தக்க உண்மை முழுவதையும் பெறும் நோயியலறிஞர், இன்னொரு விலங்கின் உயிரைக் காக்கின்றார். கூருவின் உண்மையைக் காட்டிய சிம்பன்சிகள் தம் உயிரையே விலையாகக் கொடுத்தன என்பதை மறத்தலாகாது. 2015 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் சிம்பன்சிகளை இத்தகைய ஆராய்ச்சியினின்றும் விடுவிப்பதாக அறிவித்தது.

ஹட்லோ கண்ட ஒப்புமை பின்னரும் பயன்பட்டது. 1986 இல் இங்கிலாந்தில் தள்ளாடி விழுந்த மாடுகளின் மூளையிலே அதே வெற்றிடங்களை விலங்கு நோயியலறிஞர் கண்டு, ஸ்கிரேப்பியை ஒத்த நோயென இனங்கண்டனர். பத்தாண்டுகளின் பின், 1996 இல், அந்நோய் மனிதரையும் பற்றியிருக்கலாம் என அறிவிக்கப்பட்டபோது, அதனை எவ்வழியில் ஆராய்வது என்பது முன்னரே தெரிந்திருந்தது.

மாணவர்களே, கூருவை ஆராய்ந்த மருத்துவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். அவர்கள் தேடிய திறவுகோல் அடுத்த துறையாரின் மேசையில் இருந்தது, அவ்வளவே. ஆட்டு நோயை ஆராய்வது தாழ்ந்த தொழில் என்று ஹட்லோ எண்ணினாரல்லர். மனித நோய் தமக்குரியதன்று என்று ஒதுங்கினாருமல்லர். நீவிர் எத்துறை புகினும் அதனை ஆழக் கற்பீராக. அடுத்த துறையின் வாயிலையும் இடையிடையே எட்டிப் பார்ப்பீராக.