களிமண் புறா: புதிதாகத் துப்பாக்கி பிடிப்போருக்கு ஒரு பாடம்



காலையில் கடை திறந்து இரவில் கணக்கு முடிக்கும் நமக்குத் துப்பாக்கியோடு என்ன வேலை என்று தலைப்பைப் பார்த்ததும் கேட்பீர்கள். நாமும் அப்படித்தான் கேட்டோம். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு லங்காவி போகிறார்கள். அங்கே களிமண் புறா சுட ஆசைப்படுகிறார்கள். பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். ஏன் கூடாது என்று கேட்டால் நமக்கே பதில் தெரிவதில்லை. நம் வீட்டில் நடந்ததும் இதுதான். ஆகவே நாம் பார்த்ததையும், கற்றதையும், செய்த தவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறோம்.

நன்னா சொன்ன சொல்

1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது, நம் நன்னா பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாதென்று அரசாங்கம் கடுமையான கட்டுப்பாடு விதித்திருந்த காலம் அது. மீன் டப்பா விற்றால் வாங்குபவர் எதிரிலேயே அதில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். அரிசிக்கு அளவு, ஒவ்வொரு படிக்கும் கணக்கு.

தோட்டத்தைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவர் ஒருநாள் தேநீர் குடிக்க வந்தவர், துப்பாக்கியை அரிசி மூட்டைமேல் சாத்தி வைத்தாராம். அது சரிந்து விழுந்து வெடித்தது. நன்னாவின் காலுக்கு ஒரு முழம் தள்ளியிருந்த மண்ணெண்ணெய் டின்னைக் குண்டு துளைத்துக்கொண்டு போயிற்று. அல்லாஹ்வின் கிருபையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல், “துப்பாக்கி இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காதே” என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டமாகிவிட்டது. அத்தா அதை நமக்குச் சொன்னார்கள். நாமும் நம் கடையில் உடன் நிற்கும் மருமகனுக்குச் சொன்னோம்.

அவன் கேட்பதாக இல்லை. “மாமா, நீங்களே ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாமென்றால் நான் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்” என்றான். நியாயமாகத்தான் பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையில் கோலா கெடாவில் படகேறி இருவரும் லங்காவி போய்ச் சேர்ந்தோம். 1998ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது, துப்பாக்கி சுடும் போட்டிகள் நம் கெடாவைச் சேர்ந்த அந்தத் தீவில்தான் நடந்தன என்பது பலருக்கு நினைவிருக்கலாம்.

புறா களிமண்ணான வரலாறு

முற்காலத்தில் இது உயிர்ப் புறாவைச் சுடும் விளையாட்டாகவே இருந்தது. இங்கிலாந்தில் புறாவைப் பெட்டியில் அடைத்துவைத்து, கயிற்றை இழுத்ததும் பெட்டி திறக்க, பறந்தெழும் பறவையைச் சுடுவார்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட இப்படி ஏறத்தாழ 300 பறவைகள் கொல்லப்பட்டன. இங்கிலாந்தில் 1921ஆம் ஆண்டு இது சட்டப்படி தடுக்கப்பட்டது.

பறவைக்குப் பதிலாக முதலில் கண்ணாடி உருண்டைகளை வீசிப் பார்த்தார்கள். பின்னர் 1880ஆம் ஆண்டு அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் கவிழ்த்த தட்டு வடிவில் களிமண் இலக்கைச் செய்து காப்புரிமை பெற்றார். இப்போது பெயர்தான் களிமண்; சுண்ணாம்புக் கல் தூளையும் கீலையும் சேர்த்து அச்சில் வார்க்கிறார்கள். ஒலிம்பிக் தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம். நாம் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டைவிடச் சற்றுச் சிறியது. கையில் பலமாக இறுக்கினால் நொறுங்கிவிடும். ஆனால் இயந்திரம் அதைச் சுழற்றி வீசும்போது உடையாமல் பறக்கும்.

இதில் மார்க்கத்தைத் தொடும் விஷயம் ஒன்றுண்டு. உயிருள்ள எதையும் இலக்காக வைத்து எய்யக் கூடாதென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஒரு பறவையைக் கட்டிவைத்து அதன்மேல் அம்பெய்து விளையாடிய குறைஷி இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த செய்தி முஸ்லிம் ஹதீஸ் நூலில் இருக்கிறது. தவறிய அம்புகள் பறவையின் சொந்தக்காரருக்கு என்று பேசி வைத்திருந்தார்களாம்! அதே சமயம், எய்யும் பயிற்சியை நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்துள்ளார்கள். பறவையை விட்டுவிட்டுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்ட இந்த விளையாட்டு நமக்குப் பொருந்தாததல்ல. பந்தயப் பணம் மட்டும் நடுவில் வரக் கூடாது.

இன்று இதில் பேர் பெற்றவர்களில் நம்மவரும் நம் நாட்டாரும் உண்டு. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இரட்டைத் தட்டுப் போட்டியில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஷேக் அஹ்மத் அல் மக்தூம் தங்கமும், இந்தியாவின் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளியும் பெற்றனர். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். குவைத்தின் அப்துல்லாஹ் அர்ரஷீதி 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 57. நாற்பதைத் தாண்டிவிட்டோமே என்று தயங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கியைத் தொடுமுன் சட்டத்தை அறிய வேண்டும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் லைசென்ஸ் அவசியம். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுகள் வரை சிறையும், 6க்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கும்.

தோட்டங்களிலும் பழத்தோப்புகளிலும் காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்போர் உண்டு. அது அவருக்கு மட்டும் கொடுக்கப்பட்ட அனுமதி. “தெரிந்தவர்தானே, ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேன்” என்று வாங்குவது வினையை விலைக்கு வாங்குவதாகும். அனுமதி பெற்ற சுடுதளத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, அங்கேயுள்ள துப்பாக்கியால் மட்டுமே சுட வேண்டும். திரும்பும்போது சட்டைப்பைகளை ஒருமுறை உதறிப் பார்க்க வேண்டும். ஞாபகத்துக்கென்று ஒரு தோட்டாவை எடுத்துவந்து, பிறகு மறந்து, அதே பையோடு ஊருக்கு விமானம் ஏறப் போனால் என்ன ஆகுமென்று எண்ணிப் பாருங்கள்.

முதல் பாடம்

எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மலாய்க்காரப் பெரியவர். முதல் அரைமணி நேரம் அவர் ஒரு தோட்டாவைக்கூடக் காட்டவில்லை. நடுவில் மடித்துத் திறக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்து, திறக்கவும் மூடவும் ஏந்தவும் மட்டுமே பழக்கினார். சுடும் இடத்தில் நிற்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் துப்பாக்கி திறந்தே இருக்க வேண்டும். குழல் காலியாக இருப்பது பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். காலி என்று தெரிந்தாலும் குழலை மனிதர் பக்கம் திருப்பக் கூடாது.

அடுத்தது கண். இரண்டு கண்ணில் ஒன்றே தலைமைக் கண். கைகளை நீட்டி விரல்களால் சிறு துவாரம் செய்து, அதன் வழியே தூரத்து மரம் ஒன்றைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது மரம் மறைகிறதோ அதுவே தலைமைக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் தலைமையாக இருந்தால் குறி தவறும். அதைப் பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

மூன்றாவது நிற்கும் முறை. இடக்கால் முன்னே, உடம்பின் பாரம் அதன்மேல். கட்டையின் அடி தோள் குழியில் நன்றாகப் பதிய வேண்டும். கன்னம் கட்டையின்மேல் படிய வேண்டும். உதைப்புக்குப் பயந்து தோளுக்கும் கட்டைக்கும் இடைவெளி விட்டால்தான் உதைப்பு அதிகம் வலிக்கும். காதடைப்பும் கண்ணாடியும் இல்லாமல் அருகில்கூட நிற்கக் கூடாது. தோட்டாவில் ஈயம் இருப்பதால், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே சாப்பாட்டில் கைவைக்க வேண்டும். கையால் பிசைந்து சாப்பிடும் நமக்கு இது மிக அவசியம்.

கணக்கு

ஒரு தோட்டாவில் ஒற்றைக் குண்டு இல்லை. ஒலிம்பிக்கில் அனுமதிக்கும் 24 கிராம் தோட்டாவில் ஏறத்தாழ 300 ஈய ரவைகள் இருக்கும். வெளியே வந்ததும் அவை வலை வீசினாற்போல் விரியும். இத்தனை இருந்தும் புதியவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள்?

கடைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். தட்டு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறந்தால் வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. ரவை 30 மீட்டர் தூரம் போய்ச் சேர ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி ஆகிறது. அதற்குள் தட்டு 2 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே தட்டு இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டால், தட்டு இருந்த இடத்தைத்தான் சுடுகிறோம். துப்பாக்கி தட்டைத் தொடர்ந்து வந்து, அதை முந்தி, விசையை இழுத்த பிறகும் நிற்காமல் ஓட வேண்டும். இழுக்கும் நேரத்தில் கையை நிறுத்திப் பார்ப்பதே புதியவர்களின் பெரிய தவறு.

நம் கை தவறிய இடம்

மருமகனை முதலில் விட்டோம். அவன் ஐந்தில் இரண்டு உடைத்தான். பிறகு நம் முறை. தட்டை விடச் சொல்லி “புல்!” என்று குரல் கொடுக்க வேண்டுமாம், இழு என்று அர்த்தம். பழைய கயிற்றுப் பெட்டிக் காலத்திலிருந்து வந்த சொல். நமக்கோ ஆடு மேய்ப்பவன் போலக் கத்துவதற்குக் கூச்சமாக இருந்தது. முதல் ஆறு தட்டுகளும் ஒரு கீறல் இல்லாமல் போய்ப் புல்லில்தான் விழுந்தன. “நிறுத்துகிறீர்கள், நிறுத்துகிறீர்கள்” என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதுவரை ஒவ்வொன்றாகப் போட்டவர், ஏழாவதற்கு இரண்டு குழலிலும் தோட்டா போட அனுமதித்தார். கை நிற்காமல் ஓடியது. தட்டு வானத்தில் கரும்புகையாகச் சிதறியது. அந்தச் சந்தோஷத்தில், “பார்த்தாயா!” என்று மருமகன் பக்கம் திரும்பினோம். துப்பாக்கி கையில்தான் இருந்தது. இரண்டாவது தோட்டா குழலில்தான் இருந்தது.

ஆசிரியர் குழலைப் பிடித்து வெளிப்புறம் தள்ளிய வேகத்தில் நம் மணிக்கட்டு நொந்துபோயிற்று. துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துத் தம் கையில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. “ஐயா, நீங்கள் தட்டைத் தவறவிட்டால் ஒன்றுமில்லை. இது தவறினால் இந்தப் பையனின் தாயிடம் என்ன சொல்வீர்கள்?” என்று மட்டும் கேட்டார். மருமகனின் முகம் வெளுத்திருந்தது. அவன் தாய் நம்முடன் பிறந்த தங்கை. நமக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

மரத்தடியில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நன்னா கண்டு பயந்த துப்பாக்கி தானாக வெடிக்கவில்லை. கொண்டுவந்தவர் தேநீர் நினைப்பில் அதைச் சாத்தி வைத்ததால் வெடித்தது. நாமோ சந்தோஷ நினைப்பில் திரும்பினோம். இரண்டும் ஒரே தவறு. எழுபது ஆண்டுகளாக நம் குடும்பம் கருவிக்குப் பயந்து வந்தது. பயப்பட வேண்டியதோ கவனம் பிசகும் நொடிக்கு. தராசு முள் நிற்குமுன் பொட்டலம் கட்டுபவனுக்கு நஷ்டம் சல்லிக் கணக்கில்தான். துப்பாக்கியில் அந்த நொடிக்கு விலை வேறு.

ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். “இப்போதுதான் உங்களுக்குக் கற்றுக் கொடுக்க முடியும்” என்றார். மீதமிருந்த மூன்று தட்டுகளை ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட்டோம். ஒன்று உடைந்தது. உடைந்ததும் அப்படியே நின்று, துப்பாக்கியைத் திறந்து, குழலைப் பார்த்து, அதன் பிறகே சிரித்தோம்.

முடிவுரை

பிள்ளைகள் கேட்டால் இனி நாம் சொல்லும் பதில் இது: போகலாம். ஆனால்,

1. அனுமதி பெற்ற சுடுதளத்துக்கு மட்டும் போக வேண்டும்; பிறர் துப்பாக்கியைத் தொடக் கூடாது.
2. முதல் நாளில் எத்தனை உடைந்தது என்று எண்ணாமல், எத்தனை முறை ஒழுங்கு தவறாமல் திறந்து மூடினோம் என்று எண்ண வேண்டும்.
3. ஒவ்வொரு தோட்டாவாகவே போடச் சொல்ல வேண்டும்.
4. சிரிப்போ கோபமோ வந்தால் முதலில் துப்பாக்கியைத் திறக்க வேண்டும்.
5. ஒரு தோட்டாகூட வீட்டுக்கு வரக் கூடாது.

மருமகன் இப்போதும் நம் கடையில்தான் நிற்கிறான். அன்று நடந்ததைத் தன் தாயிடம் இதுவரை சொல்லவில்லை. இந்த ஏட்டைப் படித்துத்தான் நம் தங்கை அதைத் தெரிந்துகொள்ளப் போகிறாள். அவளிடம் நாமே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.