தரையில் உட்காரலாமா?

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. பழையபடி தரையில் சம்மணமிட்டு உட்கார ஆசைப்படுகிறார். விடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மூட்டைப் பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால், பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் வரை இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. கால்மேல் கால் போடுவதும் ஆகாது. புது மூட்டு நழுவக்கூடும். தாழ்ந்த சோபாவும் இதில் சேர்த்திதான். உயரமான நாற்காலியும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் நல்லது.

நடைதான் முதல் மருந்து. கைத்தடியை அறுவை செய்யாத பக்கத்துக் கையில் பிடிக்கட்டும். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால். சம்மணம் பற்றி எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லட்டும். கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். தைலம் தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.