பழைய ஜீப்பு இடைவழியில் நிற்பது ஏன்?

வட்டார வளர்ச்சி அதிகாரி என்றதும் ஜீப்பு வண்டியை நினைப்பது நம் கிராம மக்களின் வழக்கம். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபின், மாட்டுவண்டித் தடமன்றி வேறு பாதையில்லாத ஊர்களுக்கும் அலுவலரைக் கொண்டு சேர்த்தது அவ்வண்டியே. இன்று அது எம் அலுவலகங்களில் இல்லை. பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆயினும் தனியார் தோட்டங்களில் பழைய பெட்ரோல் ஜீப்புகள் சில இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. 2020 ஏப்ரலில் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதி வரும்வரை விற்பனையான மொபெட்டுகளும் கார்புரேட்டர் கொண்டவையே. ஆதலின் இவ்விஷயம் பழங்கதையன்று.

சென்ற கோடையில் விளாங்குடியில், திண்டுக்கல் சாலையோரமாக ஜீப்பு ஒன்று நின்றிருக்கக் கண்டேன். பின்புறம் மல்லிகை மூட்டைகள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குச் செல்ல வேண்டியவை. மல்லிகை, மொட்டாக இருக்கும்வரைதான் விலை பெறும். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் விரியத் தொடங்கிவிடும். "ஐயா, ஐந்து கிலோமீட்டர் நன்றாக ஓடுகிறது. பிறகு திணறிப் படுத்துவிடுகிறது. கால் மணி ஆறப்போட்டால் மீண்டும் கிளம்புகிறது" என்றார் வண்டிக்குரிய விவசாயி. காயில், கண்டன்ஸர், பிளக்கு ஆகிய மூன்றையும் ஏற்கெனவே மாற்றிவிட்டாராம். புதிய கார்புரேட்டர் வாங்கும்படி யாரோ கூறியிருந்தனர். அதற்கு முன்பணமும் தேடிக்கொண்டிருந்தார்.

வண்டி நின்றது என்பதைக் காட்டிலும் எவ்வாறு நின்றது என்பதே முதலில் கேட்கத்தக்கது. விளக்கை அணைத்தாற்போல் என்ஜின் சட்டென்று ஓய்ந்தால் மின்பொறிப் பகுதியை ஐயுறலாம். குலுங்கி, திணறி, மெல்ல மெல்ல வலுவிழந்து ஓய்ந்தால் எரிபொருள் சரிவரக் கிட்டவில்லை என்று கொள்ளலாம். அவர் கூறிய "திணறி" என்ற ஒரு சொல்லைக் கவனித்திருந்தால் மூன்று உறுப்புகளின் விலை மிச்சமாகியிருக்கும்.

கார்புரேட்டரின் வேலை எளியது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் மிதவை மேலெழுந்து நீரை அடைப்பதுபோல், இதன் கிண்ணத்திலும் ஒரு மிதவை, ஊசிவால்வைக் கொண்டு பெட்ரோலை ஒரே மட்டத்தில் நிறுத்துகிறது. என்ஜின் இழுக்கும் காற்று குறுகிய தொண்டை வழியாக விரையும்போது, அங்கே அழுத்தம் குறைந்து, ஜெட்டு எனப்படும் பித்தளைத் துளையின் வழியே பெட்ரோல் மேலெழும்பித் தூவானமாகக் கலக்கிறது. எடைக் கணக்கில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். இந்த அளவு மிகவும் குறைந்தாலும் மிகுந்தாலும் என்ஜின் நிற்கும்.

குறைவா, மிகையா என்று அறியச் சோக்குக் குமிழே போதும். திணறும் சமயத்தில் அதனைச் சிறிது இழுக்க வேண்டும். என்ஜின் உயிர்பெற்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. மேலும் மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கினால் பெட்ரோல் மிகுதி. ஊசிவால்வு கசிகிறது, அல்லது சோக்குத் தகடு திறவாமல் சிக்கியிருக்கிறது. வேகமாக ஓடும்போது குறையின்றி, நிறுத்துமிடங்களில் மட்டும் என்ஜின் அணைந்தால், மெதுவோட்டத்திற்குரிய சிறு ஜெட்டு அடைபட்டிருக்கும். அல்லது கார்புரேட்டருக்கு அடியிலுள்ள காஸ்கெட்டு வழியே வேண்டாத காற்று புகும்.

நம் ஜீப்பில் சோக்கை இழுத்ததும் சில நொடி வேகம் கூடி, பின்னர் ஓய்ந்தது. எனவே பற்றாக்குறை உறுதியாயிற்று. பெட்ரோல் எங்கே தடைப்படுகிறது என்று டாங்கியிலிருந்து தொடங்கிப் பார்த்தோம். டாங்கி மூடியில் காற்று புகுவதற்குரிய நுண்துளை அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் தோன்றிப் பாய்வு நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்ற ஒலி கேட்கும். இங்கே ஒலி இல்லை. மூடியைத் தளர்த்தி ஓட்டியும் பயனில்லை.

அடுத்தது வெப்பம். மதுரையின் கத்திரி வெயிலில், என்ஜினோடு ஒட்டியுள்ள பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகும். பம்பு திரவத்தைத் தள்ளுமேயன்றி ஆவியைத் தள்ளவல்லதன்று. பம்பின்மீது ஈரத்துணி சுற்றினால் ஆவி குளிர்ந்து வண்டி கிளம்பும். பழைய ஓட்டுநர் யாவரும் அறிந்த வைத்தியம் இது. இங்கும் செய்து பார்த்தோம். மறுபடியும் அதே தூரத்தில் நின்றது. குளிர்ந்த விடியற்காலையிலும் அப்படியே நிற்கிறது என்று அவர் அப்போதுதான் சொன்னார். இதை முதலிலேயே கேட்டிராதது என் பிழை.

பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தபோது, அது பாதி காலியாகிக் குமிழிகள் மிதந்தன. தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். இழுக்கும் பக்கத்துக் குறையோ வெளியே தெரியாது. ஆகவே ஒரு சிறு கலத்தில் பெட்ரோல் ஊற்றி, புதிய ரப்பர்க் குழாயால் நேரே பம்புக்கு இணைத்தோம். எவரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொண்டு, என்ஜின் ஆறியபின்னரே இதனைச் செய்ய வேண்டும். என்ஜின் அரை மணி நேரம் தங்குதடையின்றி ஓடியது. பம்பும் கார்புரேட்டரும் குற்றமற்றவை என்று தெளிந்தது.

டாங்கிக் குழாய்க்கும் பம்புக்கும் இடையே ஒரு முழத்திற்கும் குறைந்த ரப்பர்க் குழாய் உண்டு. வெளித்தோற்றத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. நெடுக்காகக் கீறிப் பார்த்தபோது, உட்சுவர் ஊறித் தளர்ந்து, தோல்போல் உரிந்து தொங்கியது. பம்பு இழுக்க இழுக்க அவ்வுரி வழியை அடைத்தது. ஆறப்போட்டால் இழுப்பு நின்று வழி திறந்தது. பொறியைப் பழித்து மூன்று உறுப்புகளை மாற்றியதும், கார்புரேட்டரை மாற்றவிருந்ததும் இத்துண்டுக் குழாயின் பொருட்டே.

பழைய ரப்பரும் புதிய எரிபொருளும் கூடிய வினை இது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 விழுக்காட்டையும் 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. கரும்புக்கும் தானியத்திற்கும் விலை கிடைக்கவும், அந்நிய எண்ணெய் இறக்குமதி குறையவும் வகுத்த திட்டத்தை நான் குறைகூற வரவில்லை. ஆயின் எத்தனால், அக்காலத்து ரப்பரை ஊறச்செய்யும். டாங்கியில் படிந்த பழைய பிசினைக் கரைத்து ஜெட்டில் கொண்டு சேர்க்கும். தன் எரிதலுக்கு 9 பங்கு காற்றே அது கோருவதால், பழைய ஜெட்டின் அளவுக்குக் கலவை சிறிது வறண்டும் போகும். அன்றியும் அது ஈரத்தை ஏற்கும். ஏற்குமளவு கடந்தால் நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். கண்ணாடிப் புட்டியில் சிறிது வடித்து வைத்தால், அடியில் தனிப்படலம் கண்ணுக்குப் புலனாகும். அவ்வாறாயின் டாங்கி முழுவதையும் வடிப்பதே வழி. மேலே புதிய பெட்ரோலை ஊற்றிச் சரிக்கட்ட முயல்வது வீண்.

ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர், எத்தனாலைத் தாங்கும் எரிபொருள் குழாய் என்று கேட்டு வாங்கி, எல்லா ரப்பர்த் துண்டுகளையும் ஒருசேர மாற்றுதல் நன்று. பம்பின் சவ்வையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். ஜெட்டு அடைபட்டால் குண்டூசியோ கம்பியோ நுழைக்கலாகாது. பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிட்டால் பெட்ரோல் செலவு அன்றுமுதல் கூடும். காற்றால் ஊதியே நீக்க வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டாது வைப்பதாயின் டாங்கியையும் கார்புரேட்டர்க் கிண்ணத்தையும் வடித்துவிட வேண்டும்.

மொபெட்டில் பம்பு இல்லை; பெட்ரோல் டாங்கியிலிருந்து தானே இறங்குகிறது. ஆகையால் மூடித்துளை, குழாய், கிண்ணம் என்ற மூன்றையும் முறையே பார்த்தால் போதும்.

அன்றைய மல்லிகை வேறொரு வண்டியில் சந்தைக்குப் போயிற்று. பாதி விலைதான் கிடைத்தது. கார்புரேட்டருக்கென்று தேடிய பணத்தில் அவர் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக்கு ரப்பர் மாற்றிக்கொண்டார்.