தடிமனாக இருந்தால் தாங்குமா?

"நல்லா தடியா இருக்கறதா பாத்து வாங்கு, அதுதான் தாங்கும்." மகள் பெரியவளானதும் அம்மாக்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. துணியை மடித்து வைத்துச் சமாளித்த தலைமுறையின் அனுபவம் அது. துணிக்கு அது சரிதான், ஒரு மடிப்பு கூடினால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் இன்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் நாப்கினுக்குள் நான்கைந்து அடுக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. துணிக்குப் பொருந்திய கணக்கை நாப்கினுக்கும் போடுவதால் மாதாமாதம் அவதிப்படுகிறவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

வீட்டில் ஒரு நாப்கினை எடுத்துக் கத்தரியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேலே மெல்லிய வெள்ளை உறை. அதை நகத்தால் கிளப்பினால், பல நாப்கின்களில் நடுப்பகுதியில் மட்டும் இன்னொரு பட்டை இருக்கும். விரலால் அழுத்தி விட்டால் உடனே உப்பிக்கொள்ளும். அதற்குக் கீழே மெல்லிய தாளில் பொதிந்த உறிஞ்சும் அடுக்கு. அதைப் பிரித்து உதறினால் வெள்ளை இழைத்தூசியோடு, பலவற்றில் சின்னச் சின்ன ஜெல் மணிகளும் கொட்டும். கடைசியில் ஈரம் வெளியே போகாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தாள், அதன் முதுகில் பசைக்கோடுகள், பசையை மூடிய வழவழப்பான காகிதம்.

இந்த வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சிறுக்கச் சிறுக்க ஈரத்தை இழுக்கும் விசை கூடும். ஆகவே மேல் உறையில் துளைகள் பெரிதாகவும், கீழே போகப்போகச் சிறிதாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் ஈரம் கீழ்நோக்கியே போகும். நடுவில் பார்த்தோமே, அந்த உப்பும் பட்டை, அது வந்து விழுகிற ஈரத்தைச் சட்டென்று வாங்கி நீளவாக்கில் பரப்பிவிட்டு, கீழே இருக்கும் அடுக்கு மெதுவாகக் குடிக்க அவகாசம் தருகிறது. உட்காரும்போது உடல் எடையில் நசுங்கினாலும் மறுபடி நிமிர்ந்துகொள்வதால், உறிஞ்சிய ஈரம் திரும்பத் தோலில் படுவதும் குறைகிறது. மேல் உறைக்கும் உள் அடுக்குக்கும் நடுவில் ஒட்டாமல் காற்றிடைவெளி விழுந்துவிட்டால், கீழே எவ்வளவு உறிஞ்சும் பொருள் வைத்திருந்தாலும் ஈரம் மேலேயே தேங்கி நிற்கும்.

தடிமன் நம்பிக்கைக்குப் பின்னால் இன்னொரு தப்புக்கணக்கும் இருக்கிறது. மாதவிடாயில் நிறைய ரத்தம் போகிறது என்றே நினைக்கிறோம். பெரும்பாலான பெண்களுக்கு ஒரு மாதவிடாய் முழுவதிலும் போகும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர்தான். வெளியேறும் திரவத்தில் ரத்தம் பாதியோ அதற்கும் குறைவோ, மீதி கருப்பை உட்சுவரின் திசுவும் சளிநீரும். எல்லாம் சேர்த்தாலும், அது நான்கைந்து நாட்களுக்கு, பல நாப்கின்களில் பகிர்ந்து விழுகிறது. அப்படியிருந்தும் கறை படுகிறது. வகுப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்த பெண் எழுந்திருக்கும்போது தேங்கியிருந்தது ஒரேயடியாக இறங்கும். அந்தச் சில நொடிகளில் மேலடுக்கு வாங்கிக்கொள்ளாவிட்டால் ஓரமாக வழிந்துவிடும். கழற்றிப் பார்த்தால் நாப்கினில் பாதிக்கு மேல் வெள்ளையாகவே இருக்கும். கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் வேகமும் இடமும்தான், கொள்ளளவு அபூர்வமாகத்தான் போதாமல் போகிறது. தடியான நாப்கின் தொடை நடுவே மடங்கி இருபுறமும் இடைவெளி விட்டால் அந்த வழிசலுக்குத் தானே பாதை போட்டுக்கொடுக்கும்.

தடிமனே குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஜெல் சேர்க்காமல் மரக்கூழை மட்டுமே வைத்துச் செய்யும் நாப்கினுக்குத் தடிமன் தேவைதான். அங்கே கவனிக்க வேண்டியது கூழை எவ்வளவு அழுத்தியிருக்கிறார்கள் என்பது. அதிகம் அழுத்தினால் அட்டையாகி ஈரத்தை வாங்கத் தயங்கும். போதாமல் அழுத்தினால் நடக்க நடக்கக் கூழ் உடைந்து இரண்டு பக்கமும் திரண்டுவிடும், நடுவில் வெறும் உறைதான் மிஞ்சும். "உள்ளே ஒதுங்கிப்போச்சு" என்று பெண்கள் சொல்வது இதைத்தான். மேலே வரிவரியாகப் பதித்திருக்கும் கோடுகளை அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கோட்டில் இழைகள் நெருங்கியிருப்பதால் ஈரம் அதன் வழியே நீளமாக ஓடும், நாப்கினும் அந்த இடத்தில்தான் வளையும். கோட்டை எங்கே போட்டால் உடம்போடு சேர்ந்து வளையும் என்று பார்த்துப் போடுவது நல்ல வடிவமைப்பு.

"உள்ளே இருப்பது பஞ்சு" என்ற நம்பிக்கையால் ஒரு தமிழரின் சில ஆண்டுகள் வீணாகின. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் 1998 வாக்கில் மனைவிக்காக மலிவு விலையில் நாப்கின் செய்ய முயன்றபோது பஞ்சைத்தான் வைத்துப் பார்த்தார். சரிவரவில்லை. பெரிய கம்பெனிகளின் நாப்கினுக்குள் இருப்பது பைன் மரத்திலிருந்து எடுத்த கூழ் என்று அவர் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதன்பிறகுதான் கூழை அரைத்து, அழுத்தி, உறையிட்டு, புற ஊதாக் கதிரில் சுத்தப்படுத்தும் அவருடைய எளிய இயந்திரம் பிறந்து, சுய உதவிக் குழுப் பெண்களின் கைக்குப் போனது. 2016-இல் பத்மஸ்ரீ வந்தது.

மரக்கூழின் கதை அவருக்கும் முந்தையது. முதல் உலகப்போரில் காயத்துக்குக் கட்ட, பஞ்சைவிடப் பல மடங்கு உறிஞ்சும் மரக்கூழ்ப் பொருள் ஒன்றைக் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் தயாரித்தது. போர்முனைச் செவிலியர் அதை மாதவிடாய்க்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். போர் முடிந்து மிஞ்சிய பொருளோடு 1920-இல் கோட்டெக்ஸ் நாப்கின் கடைக்கு வந்தது. பஞ்சு நனைந்ததும் துவண்டு படிந்துவிடும், விறைப்பான பைன் இழைகளோ நனைந்த பின்னும் ஓரளவு இடைவெளி விட்டு நிற்கும். உறையின் மேல் "காட்டன் சாஃப்ட்" என்று போட்டிருந்தால், தொட்டால் பருத்தி மாதிரி இருக்கும் என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்ட பலவற்றில் மேலுறை பாலிபுரோப்பிலீன் இழை. அது இயல்பில் நீரை ஒட்டவிடாது, ஈரத்தை உள்ளே விடுவதற்காக அதன்மேல் ஒரு பூச்சு கொடுக்கிறார்கள்.

அடுத்தது ஜெல். இதைப் பற்றித்தான் பயம் அதிகம். "ஜெல் பேட் உள்ளேயிருந்து ரத்தத்தை இழுத்துவிடும்", "கேன்சர் வரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றாத மாதமில்லை. நாப்கினை வெட்டியபோது கொட்டிய அந்த ஜெல் மணிகள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பாலிமர். தன்னைத் தொட்ட ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். உடலுக்குள்ளிருந்து எதையும் இழுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. கருப்பை தன் போக்கில்தான் விடும். இந்த அச்சத்தின் ஒரு வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1980-இல் அங்கே டாம்பான் வைத்துக்கொண்ட பெண்களுக்கு நச்சு அதிர்ச்சி நோய் வந்து சிலர் இறந்தார்கள். மிகை உறிஞ்சுதிறன் கொண்ட ரிலை என்ற டாம்பான் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. உடலுக்குள் வைக்கும் பொருளில் ஒரு பாக்டீரியா பெருகி நச்சு சுரந்ததால் வந்த நோய் அது. வெளியே வைக்கும் நாப்கினின் கதை வேறு.

ஜெல்லைப் புகழும் பேச்சிலும் மிகை உண்டு. தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும் என்பது காய்ச்சி வடித்த நீரில் மட்டும் நடப்பது. வெட்டிய நாப்கினிலிருந்து கொட்டிய மணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், ஊதிக் கெட்டியாகும். அதன்மேல் ஒரு ஸ்பூன் உப்பைத் தூவிக் கிளறினால் கண்ணெதிரே தளர்ந்து நீர் விட்டுக்கொள்ளும். உப்பு இருந்தால் அதன் பிடி பல மடங்கு குறைந்துவிடும், நம் ரத்தமும் உப்பு நீர்தான். போதாததற்கு ரத்த அணுக்களும் புரதமும் மணிகளின் மேல் படிந்து வழியை அடைக்கும். மணிகளை மட்டும் நெருக்கிக் கொட்டினால், மேலே இருப்பவை ஊதிக் கீழே இருப்பவற்றுக்கு ஈரம் போகாமல் மறித்துவிடும். அதனால்தான் கூழோடு கலந்தோ, இரண்டு தாள்களுக்கு நடுவே மெல்லப் பரப்பியோ வைக்கிறார்கள். கூழில் தங்கும் ஈரம் அழுத்தினால் திரும்பி வரும், ஜெல் பிடித்தது எளிதில் வராது. மெல்லிய நாப்கினால் தடித்ததற்கு ஈடாகத் தாங்க முடிவது இந்தக் கூட்டணியால்.

விளம்பரத்தில் ஊற்றும் நீலத் தண்ணீரைப் பார்த்து நாப்கினை எடைபோட வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வதும் இதனால்தான். ரத்தம் தண்ணீரைவிடக் கெட்டி, அதன் நடத்தையே வேறு. அமெரிக்காவின் ஓரிகன் மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 21 மாதவிடாய்ப் பொருட்களை மனித ரத்த அணுக்களைக் கொண்டு சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். பெட்டியில் எழுதியிருந்த அளவும் உண்மையில் தாங்கிய அளவும் பல பொருட்களில் ஒத்துப்போகவில்லை. இத்தனை கோடிப் பெண்கள் இத்தனை காலமாகப் பயன்படுத்தும் பொருட்களை இப்படி ரத்தத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்பது என்னை ஆறவிடாத விஷயம். முருகானந்தம் அந்த நாளிலேயே பந்தின் ரப்பர் பையில் ஆட்டு ரத்தம் நிரப்பி, தன் உடம்பில் கட்டிக்கொண்டு சோதித்தார். ஊர் அவரைப் பழித்தது. ஆனால் 1980-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 5405-கூட, 30 மில்லிலிட்டர் நிறநீரையோ, உறையாமல் பக்குவப்படுத்திய ஆட்டு ரத்தத்தையோ நிமிடத்துக்கு 15 மில்லிலிட்டர் வீதம் நடுவில் விட்டால், அடியிலோ ஓரத்திலோ கசிவு தெரியக் கூடாது என்றுதான் சொன்னது.

தொடை இடுக்கில் அரிப்பும் புண்ணும் வந்தால் நம் ஊரில் உடனே "உடம்புச் சூடு" என்கிறார்கள். மோரும் இளநீரும் குடிக்கலாம், நல்லதுதான். ஆனால் அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் மூன்று: ஈரம், காற்றில்லாமை, உரசல். துளைபோட்ட பிளாஸ்டிக் மேலுறை, அதாவது "நெட்" வகை, மேலே ஈரம் தெரியாமல் வைக்கும். அதனால் அதுவே சுகம் என்று சிலர் நம்புகிறார்கள். சித்திரை வெயிலில் வியர்வையோடு சேர்ந்து அதே உறை தோலில் ஒட்டி உரசும். துணி போன்ற உறை மென்மையாக இருக்கும், நேரத்துக்கு மாற்றாவிட்டால் ஈரம் தெரியும். இரண்டில் எது என்பது அவரவர் தோலையும் ஊரின் வெக்கையையும் பொறுத்தது. அடித்தாளில் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து இழுத்து, நீராவி மட்டும் போகும்படி நுண்துளை விழச் செய்யும் வகையும் உண்டு. நம் தட்பவெப்பத்துக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். சூடேற்றி ஒட்டிய விளிம்பு விறைத்திருந்தால், பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகும் பெண்ணின் தொடையை அது அறுத்துவிடும். புதுயுகம் திட்டத்தில் அரசு தரும் நாப்கினை வாங்கிக்கொள்ளும் மாணவிக்கு வேறு பிராண்டு தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. அவளுக்கு வருவதில் விளிம்பு மென்மையாக இருக்க வேண்டும் என்பதைக் கசிவுக்குச் சமமாகக் கவனிக்க வேண்டும்.

வாசனை சேர்த்த நாப்கின் சுத்தம் என்பது வெறும் நம்பிக்கை. வாடை வருவது ரத்தம் வெளியே தேங்கி பாக்டீரியாவோடு சேர்வதால். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் அது அடங்கும். வாசனைப் பொருளோ தோல் ஒவ்வாமைக்கு அறியப்பட்ட காரணி. "ஆர்கானிக்" என்ற சொல்லும் பாதுகாப்புக்குச் சான்றாகிவிடாது. டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு 2022-இல் இந்தியச் சந்தையின் 10 நாப்கின்களைச் சோதித்தபோது, ஆர்கானிக் என்று விற்றவற்றிலும் தாலேட் வகை ரசாயனங்கள் இருந்தன. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பாக்கெட்டில் அச்சிடச் சட்டம் போட்ட முதல் அமெரிக்க மாநிலம் நியூயார்க், 2019-இல். நமக்கும் அது வேண்டும், அதைக் கேட்கும் உரிமை காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொருத்திக்கும் உண்டு.

அளவு விஷயத்தில் "எக்ஸ்எல் வாங்கினால் எல்லா நாளுக்கும் ஆகும்" என்பார்கள். மல்லாந்து படுத்தால் ஈரம் பின்பக்கம்தான் போகும், இரவுக்கான நாப்கின் பின்னால் நீண்டு அகன்றிருப்பது அதற்காக. பகலில் அதே அகலம் தொடை நடுவே சுருண்டு கட்டியாகும். இறக்கை உள்ளாடையின் ஓரத்தை மூடுவதோடு, நாப்கின் நகராமலும் பிடித்துக்கொள்ளும். உள்ளாடை தளர்ந்திருந்தால் எந்த வடிவமைப்பும் பலிக்காது. நாப்கின் உடம்போடு ஒட்டி நின்றால்தான் மேலடுக்கு ஈரத்தைச் சட்டென்று வாங்கும்.

இவ்வளவும் சரியாக இருந்து, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், இரண்டரை சென்டிமீட்டருக்கும் பெரிய கட்டிகள் போனால், ஏழு நாட்களைத் தாண்டி நீடித்தால், இரண்டு நாப்கினைச் சேர்த்து வைத்துச் சமாளிக்கும் நிலை வந்தால், அது நாப்கினின் குறையல்ல. "எங்க குடும்பத்துலயே எல்லாருக்கும் இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள், பெண் சோகை பிடித்து வெளிறிப்போன பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள். மொத்த ரத்த இழப்பு 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அதிக ரத்தப்போக்கு என்று மருத்துவர்கள் வெகுகாலமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டில் அதை அளக்க முடியாது, எத்தனை நாப்கின், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாற்றினோம் என்று காலண்டரில் குறித்து வைக்க முடியும். அந்தக் குறிப்போடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், முதலில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள்.