மருந்தின் அளவும் மயக்கப் பொருளும்

உண்ட உணவு உடலோடு சேர்ந்து வலிமையாகிறது என்பது சிறுவரும் அறிந்த செய்தி. ஆனால், உண்ட மருந்து என்னாகிறது என்று வினவுவோர் சிலரே. காய்ச்சல் கண்ட ஒருவன் மருந்து உட்கொள்கிறான். சிறிது நேரத்தில் காய்ச்சல் தணிகிறது. சில மணி நேரம் கழிந்தபின் மீண்டும் மருந்து வேண்டியிருக்கிறது. முதலில் உட்கொண்ட மருந்து எங்கே சென்றது? அஃது ஏன் உடலிலேயே தங்கிவிடவில்லை? இத்தனை மணிக்கு ஒரு முறை, இத்தனை அளவு என்று மருத்துவர் வகுக்கும் கணக்கு எவ்வாறு பிறந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண முற்படுவோர், மதுவும் புகையிலையும் பிற மயக்கப் பொருள்களும் விளைக்கும் தீமைகளுள் பலரும் அறியாத ஒன்றையும் உடன் அறிவர்.

வாய்வழியே உட்கொள்ளும் மருந்து பெரும்பாலும் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. அங்கிருந்து அது நேரே உடலெங்கும் பரவிவிடுவதில்லை. குடலில் உறிஞ்சப்பட்டவற்றை ஏந்திவரும் குருதி முதலில் கல்லீரலை அடையுமாறு இயற்கை வழி வகுத்துள்ளது. ஊருக்குள் நுழையும் சரக்கு வண்டிகள் சுங்கச் சாவடியில் நின்று செல்வதைப் போல, மருந்தும் கல்லீரலைக் கடந்தே செல்லவேண்டும். அங்கு அதன் ஒரு பகுதி உருமாற்றம் அடைகிறது. எஞ்சிய பகுதி குருதியோடு கலந்து நோயுள்ள இடத்தை அடைந்து தன் பணியைச் செய்கிறது. குருதி மீண்டும் மீண்டும் சுழன்று வருந்தோறும் மருந்து மேலும் மேலும் மாற்றப்படுகிறது. கொழுப்பில் கரையும் பொருள்களைச் சிறுநீரகம் எளிதில் வெளியேற்ற இயலாது. ஆதலின், கல்லீரல் அவற்றை நீரில் எளிதில் கரையும் பொருள்களாக மாற்றுகிறது. சிறுநீரகம் அவற்றை வெளியேற்றுகிறது. இவ்வாறு மருந்து குறைந்துவரும் விரைவைக் கணக்கிட்டே மருத்துவர் அளவும் நேரமும் வகுக்கின்றனர்.

மருந்தை மாற்றும் இவ்வேலையைச் செய்வன நொதிகள் என்னும் புரதங்கள். அவற்றுள் தலைமையானது சைட்டோகுரோம் பி-450 என்னும் குடும்பம். 1958ஆம் ஆண்டில் கல்லீரலில் புதிய நிறமி ஒன்று இருப்பது வெளியாயிற்று. 1962இல் ஓமுரா, சாத்தோ என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் அதற்குப் பி-450 என்று பெயரிட்டனர். கார்பன் மோனாக்சைடுடன் கூடியபோது, 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை அது மிகுதியாக உறிஞ்சியமையே அப்பெயருக்குக் காரணம். அது தனியொரு நொதியன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மனிதரிடம் அக்குடும்பத்தைச் சேர்ந்த நொதிகளுக்கு 57 மரபணுக்கள் உள்ளன.

இந்நொதிகளின் அளவு என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று. சில பொருள்கள் இடைவிடாது உடலுள் புகும்போது, குறிப்பிட்ட நொதிகள் பெருகுகின்றன. வேறு சில பொருள்கள் நொதிகளைத் தம் வயப்படுத்திக்கொண்டு, மருந்து மாறவொட்டாமல் தடுக்கின்றன. நொதி பெருகினால் மருந்து விரைவில் அழிந்து பயனற்றதாகும்; நொதி தடைப்பட்டால் மருந்து தேங்கி நஞ்சாகும். மயக்கப் பொருள்கள் இவ்விரு வழியாலும் கேடு செய்கின்றன.

மதுவை எடுத்துக்கொள்வோம். 1968இல் அமெரிக்க நாட்டில் சார்லஸ் லீபர், லியோனோர் டிகார்லி என்னும் ஆய்வாளர்கள், மதுவை எரிப்பதற்குக் கல்லீரலில் அதுகாறும் அறிந்திருந்த நொதியேயன்றி வேறொரு முறையும் உண்டு என்றும், தொடர்ந்து குடிப்பவரிடம் அது பெருகுகிறது என்றும் விளக்கினர். அம்முறையில் முதன்மையாக விளங்குவது பி-450 குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நொதியே. காய்ச்சலுக்கும் வலிக்கும் உதவும் பாரசிட்டமாலின் ஒரு சிறு பகுதியை நச்சுப்பொருளாக மாற்றுவதும் அதே நொதிதான். நலமுள்ள உடலில் குளூட்டாதையோன் என்னும் பொருள் அந்நஞ்சை உடனே முறித்துவிடுகிறது. நெடுங்காலம் குடித்து, உணவிலும் குறைந்தவனுக்கோ நொதி மிகுந்தும் நஞ்சுமுறிப் பொருள் குறைந்தும் இருக்கும். அளவு மீறிப் பாரசிட்டமால் உட்கொண்டால் அவன் கல்லீரல் பிறரினும் எளிதில் அழிவுக்கு உள்ளாகிறது. எளிய மருந்தையும் கொடிதாக்குவது குடியன்றோ?

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிட்டோயின் என்னும் மருந்தை, நாட்பட்ட குடியினன் உடல் விரைந்து அழிக்கிறது. குருதியில் மருந்து குறையவே, அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் தலைகாட்டக்கூடும். ஒரே வேளையில் மிகுதியாகக் குடித்தாலோ மது நொதிகளைத் தடுக்கிறது. மருந்து வழக்கத்தினும் மிகுந்து நிற்கிறது. இங்ஙனம் ஒரே பொருள் ஒரு நாள் மருந்தைத் தேக்குகிறது. பழகியபின் அதே மருந்தை அழிக்கிறது. இந்நிலையில் எந்த மருத்துவர்தாம் சரியான அளவை வகுக்க இயலும்?

புகையிலையின் செயலும் நோக்கத் தக்கது. புகையிலையில் பழக்கத்தை உண்டாக்குவது நிகோட்டின். மருந்தை அழிக்கும் நொதியைப் பெருக்குவதோ அதுவன்று; புகையோடு சேர்ந்து வரும் தாரிலுள்ள சில கரிமச் சேர்மங்களே அந்நொதியைப் பெருக்குகின்றன. கஞ்சாப் புகைக்கும் இவ்வியல்பு உண்டு. ஆஸ்துமாவுக்குரிய தியோஃபிலின், மனநோய்க்குரிய குளோசபின் ஆகிய மருந்துகள் அந்நொதியால் மாற்றப்படுவன. ஆதலின், புகைப்பவனுக்கு அம்மருந்துகள் பிறரினும் மிகுதியாக வேண்டியிருக்கும். அவன் மருத்துவமனையில் சேர்ந்து திடீரெனப் புகையை விட்டான் என்க. சில நாள்களிலேயே நொதி குறைந்துவிடுகிறது; மருந்தோ முன் அளவிலேயே தரப்படுகிறது. குருதியில் தியோஃபிலின் தேங்கி வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, வலிப்பு முதலியன தோன்றக்கூடும். புகையை விடுதல் நற்செயலே. விடுவதை மருத்துவரிடம் அறிவித்து, மருந்தின் அளவையும் திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

கல்லீரலைக் கடந்த மருந்து எல்லா இடங்களுக்கும் தடையின்றிச் செல்லுமோ எனின், செல்லாது. 1885இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், விலங்குகளின் உடலில் சாயங்களைச் செலுத்தி ஆராய்ந்தார். பிற உறுப்புகள் நிறம் பெற்றன. மூளை மட்டும் நிறம் பெறவில்லை. மூளையிலுள்ள நுண்குழாய்களின் உயிரணுக்கள் இடைவெளியின்றி நெருங்கி அமைந்து அரணாக நிற்கின்றன என்பது பின்னர் அறியப்பட்டது. அவ்வரணில் காவலரும் உளர். பி-கிளைக்கோபுரதம் என்னும் கடத்திப் புரதம், உட்புகும் அயற்பொருள்கள் பலவற்றை மீண்டும் குருதிக்கே தள்ளிவிடுகிறது.

இக்காவலின் அருமையை 1994இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி காட்டுகிறது. அப்புரதம் மூளையரணில் அமையாதவாறு வளர்க்கப்பட்ட சுண்டெலிகளும் பிற சுண்டெலிகளும் இருந்த இடத்தில், உண்ணிகளை ஒழிக்க ஐவர்மெக்டின் என்னும் மருந்து தெளிக்கப்பட்டது. காவற்புரதம் உடைய எலிகளுக்கு ஊறு நேரவில்லை. அஃது இல்லாத எலிகளோ மாண்டன. ஆராய்ந்தபோது, காவலற்ற மூளையில் அம்மருந்து ஏறத்தாழ 90 மடங்கு மிகுந்து சேர்வது புலனாயிற்று.

மயக்கப் பொருள்கள் இவ்வரணையும் விட்டுவைப்பதில்லை. அபினியிலிருந்து கிடைக்கும் மார்ஃபின், மூளையரணை மெல்லவே கடப்பது. அதனோடு இரண்டு அசெட்டைல் தொகுதிகளைச் சேர்த்தால் கிடைக்கும் ஹெராயின், கொழுப்பில் எளிதில் கரைவதால் அரணை விரைந்து கடந்து, உள்ளே மீண்டும் மார்ஃபினாக மாறுகிறது. 1898இல் ஜெர்மனியில் இருமல் மருந்தாக விற்பனைக்கு வந்த அப்பொருள், பின்னர்ப் பல்லாயிரவரை அடிமைப்படுத்தியது. எலிகளுக்குத் தொடர்ந்து மார்ஃபின் செலுத்தியபோது, மூளையின் காவற்புரதம் பெருகியமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. முன்பு போதிய அளவு பின்பு போதாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம். மெத்தாம்ஃபெட்டமின் என்னும் பொருளோ அரணின் பிணைப்பையே தளர்த்துவதாக விலங்காய்வுகள் உணர்த்துகின்றன.

இரு மயக்கப் பொருள்கள் ஒருங்கு சேருமாயின், கல்லீரலே புதிய நஞ்சைப் படைப்பதும் உண்டு. கொக்கெய்னும் மதுவும் உடலில் ஒன்றுகூடும்போது, கோக்காஎத்திலீன் என்னும் சேர்மம் கல்லீரலில் உண்டாகிறது. கொக்கெய்னைவிட நெடுநேரம் உடலில் தங்கும் அது, இதயத்துக்குக் கேடு விளைப்பது. உடலைக் காக்க அமைந்த உறுப்பே உடலுக்குப் பகையாகும் நிலையை மனிதன் தானே வருவித்துக்கொள்கிறான்.

மயக்கப் பொருளுக்கு அடிமையானவன் இழப்பது பொருளையும் புகழையும் மட்டுமன்று. நோயுற்ற காலத்தில் மருந்தின் உதவியையும் அவன் இழக்க நேரிடுகிறது. மருத்துவரின் கணக்கு ஒன்றாக இருக்க, அவனது உடலின் கணக்கு வேறாக இருக்கிறது. 'மது அருந்துவதுண்டா? புகைப்பதுண்டா?' என்று மருத்துவர் வினவுவது பழி தூற்றுவதற்கன்று. மருந்தின் அளவை அறிவதற்கே. நாணத்தால் உண்மையை மறைப்பவன் தன் உயிருக்கே ஊறு தேடுகிறான். அப்பழக்கத்தை அணுகாதிருத்தல் முதற் கடமை. அணுகியவன் அதிலிருந்து மீளுதல் அடுத்த கடமை. மீளும் வரையில் மருத்துவரிடம் மெய்ம்மை கூறுதல் இன்றியமையாக் கடமை. மெய்யுணர்ந்து தரும் மருந்தே நோய் தீர்க்கும்.